பேப்பரு தண்ணியில கெடக்கு

அவரைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய கதவைத்தான் பார்த்தேன். ஒரு கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மழை வெறித்திருந்த மதியம். பெரிய வீட்டின் உள்முற்றமான வளவைச் சுற்றி வரிசையாக இருந்த அறைகளில் ஒன்றின் கதவு அது. நிலைக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. கதவுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, செல்போனில் எதையோ படித்தபடி அவருடைய மகள் உமையாள் உட்கார்ந்திருந்தாள். அப்போது அவள் பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம்.

எனக்கு முன்பே அங்கே ஒருவர் வந்து நின்றிருந்தார். அந்த வீட்டில் பங்கு உள்ளவர். மேல் ஓடு ஒழுகுவதைப் பற்றிப் பேச வந்திருந்தார்.

“அப்பச்சி இருக்காகளாத்தா?” என்று அவளுடைய அப்பாவைக் கேட்டார்.

“இருக்காக சித்தப்பா. பேப்பரு தண்ணியில கெடக்கு. இப்பக் கதவைத் தொறந்தா அம்புட்டும் கறுத்துப் போயிரும்.”

“எப்ப வெளிய வருவாக?”

“அதைச் சொல்ல முடியாது. படம் வர்றதைப் பொறுத்து.”

“போன தடவையும் இதைத்தான சொன்னே?”

“போன தடவையும் பேப்பரு தண்ணியிலதான் கெடந்துச்சு சித்தப்பா.”

வந்தவர் பல்பை ஒருமுறை பார்த்தார், உமையாளை ஒருமுறை பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் உமையாள் எழுந்து விரல் முட்டியால் கதவைத் தட்டினாள். “போயிட்டாக.” பல்பு அணைந்தது. கதவு திறந்தது. கையில் பாதி கடித்த முறுக்கோடு அவர் வெளியே வந்தார். உள்ளே சாதாரண வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படம் கழுவும் தட்டுகள் எல்லாம் காய்ந்து கிடந்தன.

என்னைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தார். “இவுக யாரு?”

“ஊருணிகளைப் பத்தி எழுதுறாகளாம். இவுகளால தொந்தரவு இருக்காதுன்னு தோணுச்சு. உக்கார வச்சிருக்கேன்.”

இப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. நான் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். விடுமுறை நாட்களில் சுற்று வட்டாரத்து ஊருணிகளைப் போய்ப் பார்த்து, யார் வெட்டியது, எப்போது படி கட்டியது என்று குறிப்பெழுதி வைப்பது என் வழக்கம். அந்தக் குறிப்புகளுக்குப் படம் வேண்டும். செல்போனில் எடுத்தால் தண்ணீர் ஒரே வெள்ளையாகத் தெரிந்தது. பழைய கேமராவில் பிலிம் போட்டு எடுத்து, வீட்டிலேயே கழுவிப் பிரிண்ட் போடுகிற ஒருவர் காரைக்குடியில் இருக்கிறார் என்று ஒரு நண்பர் சொன்னார். போனேன்.

மோட்டார் பம்பும் பைப்பும் விற்கிற கடை அவருடையது. மதியத்துக்கு மேல் அங்கே இருக்க மாட்டார். பழம்பொருள் கடைகளில் ஒன்றில், பீங்கான் தட்டுகளோடு ஓர் அலமாரிக்குள் கிடந்த கேமராவை வாங்கி வந்ததில் ஆரம்பித்த பித்து. இரண்டு கண் வைத்த பெட்டி அது. அதை வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு, மேலே இருந்து குனிந்து பார்க்க வேண்டும். சிங்கம்புணரிப் பக்கம் ஓர் ஊருணியை எடுக்கப் போனபோது, துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவி, “யாரையா அது, என்னையக் கும்புட்டுக்கிட்டே நிக்கிறீக?” என்று கேட்டாள். அவர் குனிந்த தலையை நிமிர்த்தாமலே, “ஒரு நிமிசம் ஆத்தா, கும்புட்டு முடிச்சுக்கிறேன்” என்றார். அந்தப் படத்தில் கிழவி வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அறைக்கு ஜன்னல் கிடையாது. அந்தக் காலத்தில் கல்யாணச் சீர் பாத்திரங்களைப் பூட்டி வைப்பதற்காகக் கட்டியது. அவருடைய பங்குக்கு வந்த அறைகளில் யாரும் வேண்டாம் என்று சொன்னது அதுதான். “எனக்குன்னே ஜன்னல் வைக்காமக் கெட்டியிருக்காக” என்பார். சித்திரை, வைகாசியில் உள்ளே போனால் வேர்வை தாளில் சொட்டும். படத்தை வரவைக்கும் மருந்தான டெவலப்பர் பாட்டிலை ஐஸ்கட்டி போட்ட வாளிக்குள் நிறுத்தி வைப்பார். மார்கழி பிறந்துவிட்டால் போதும், கல்யாண வீட்டுக்காரர் மாதிரி ஆகிவிடுவார்.

அவரோடு உள்ளே நின்ற நாட்களை நான் மறக்க முடியாது. சிவந்த மங்கல் வெளிச்சத்தில் அவர் குரல் தானாகத் தணிந்துவிடும். பிலிமின் ஊடே ஒளி விழுந்த தாள் பார்வைக்கு வெறும் வெள்ளையாகத்தான் இருக்கும். அதைத் தட்டில் இருந்த டெவலப்பரில் நழுவ விட்டுத் தட்டின் ஓரத்தை மெல்லத் தூக்கித் தூக்கி இறக்குவார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு எங்கோ ஒரு மூலையில் புகை போல ஒரு கறுப்பு. அது படிக்கட்டின் நிழலாக மாறும். படிக்கு மேல் படி தோன்றும். கடைசியில் தண்ணீர்.

“வருது தம்பி, வருது. அசையாம நில்லுங்க” என்பார், நாங்கள் அசைந்தால் படம் பயந்து திரும்பிப் போய்விடும் என்பது போல. “படம் எடுக்குறது என்ன பெரிய வேலை? இது வரும்போது கிட்ட நிக்கிறதுக்குத்தான் மத்ததெல்லாம்.”

அவர் படங்களுக்குத் தேதி போடுகிறவர் இல்லை. நான்தான் ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் மாதம், தேதி, கிழமை, இடம் எழுதுவேன். எனக்கு நேரே தெரிந்தால் மட்டும். “இவரு படத்துக்கு ஜாதகம் கணிக்கிறாரு” என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார். அவருடைய மனைவியை அந்தப் பக்கத்து வழக்கப்படி நான் ஆச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஆச்சிக்கு அந்த அறையின் மேல் ஒரு கசப்பு இருந்தது. முதலில் எனக்கு அது புரியவில்லை.

மெல்ல மெல்லத்தான் புரிந்தது. அந்தச் சிவப்பு பல்பின் சுவிட்ச் அறைக்கு உள்ளே இருந்தது. உண்மையாகவே தாள் தண்ணீரில் கிடந்த நேரங்களை விட, அவருக்கு ஒருவர் முகத்தைப் பார்க்க இஷ்டமில்லாத நேரங்களில்தான் அது அதிகம் எரிந்தது. பங்காளிகள் வந்தால் எரியும். கோயில் திருப்பணிக் குழுவினர் வந்தால் எரியும். ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கி வந்து ஆச்சி வாசலில் கால் வைக்கும்போதே எரியும். ஆரம்பத்தில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. என்னையும் ஒருமுறை வெளியே நிறுத்தி, “நீங்களும் சொல்லுங்க தம்பி, நீங்க சொன்னா நம்புவாக” என்றார். நானும் சொன்னேன். பேப்பரு தண்ணியில கெடக்கு.

வேடிக்கை தீர்ந்தது ஓர் ஆவணி மாதத்தில். இரண்டு தெரு தள்ளி இருந்த அவருடைய பால்ய நண்பர் இறந்துபோனார். தினமும் காலையில் சேர்ந்து டீ குடிக்கிறவர்கள். செய்தி கேட்டு நான் நேரே அவர் வீட்டுக்குப் போனேன், சேர்ந்து போகலாம் என்று. பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஆச்சி கதவுக்கு எதிரே, தூணில் சாய்ந்து நின்றிருந்தார்.

“இன்னங் கொஞ்ச நேரத்துல எடுத்துருவாக” என்றார் கதவைப் பார்த்து. “துக்கத்துக்கும் இந்த லைட்டுத்தானா?”

நான் மட்டும் போய்விட்டு வந்தேன். சாயங்காலம் அவர் வெளியே வந்தபோது அவருடைய கைகள் காய்ந்திருந்தன. கண்கள் வீங்கியிருந்தன. “அவனை அப்பிடிப் படுத்த மேனிக்குப் பாக்க என்னால ஆகாது தம்பி” என்றார். கோழை என்ற சொல் என் மனதில் வந்தது. அதை அவர் மேல் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. இன்றும் வரவில்லை.

உமையாளுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது அடுத்த வருடம். அவருக்கு அதில் விருப்பமில்லை. போகாதே என்று ஒருமுறை சொன்னதோடு சரி, சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிறவர் அல்லர். அவள் பேச்செடுத்தால் எழுந்து போய் பல்பைப் போட்டுக்கொண்டார். விசா வந்தது, டிக்கெட் வந்தது, பெட்டி வந்தது. ஒவ்வொன்றுக்கும் பல்பு எரிந்தது. அத்தனை நாளும் அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து மற்றவர்களைத் திருப்பி அனுப்பியவள், இப்போது திருப்பி அனுப்பப்படுகிறவளாக நின்றாள்.

அவள் கிளம்பிய நாளில் நான் ஊரில் இல்லை. அலுவலக வேலையாகச் சிவகங்கையில் இருந்தேன். நடந்ததை ஆச்சியிடமிருந்தும் பிறகு அவரிடமிருந்தும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டும் ஒத்துப்போகின்றன.

சாயங்கால ரயில். மதியத்துக்கு மேல் அவர் உள்ளே போனார். இந்த முறை உண்மையாகவே வேலை இருந்தது. முந்தின வாரம், வளவில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த உமையாளை, அவள் அறியாமல் தூண் ஓரமாக நின்று ஒரு படம் எடுத்திருந்தார். அதைப் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும் என்பது அவருடைய எண்ணம். போகாதே என்று சொன்ன வாயால் போய்ட்டு வா என்று சொல்ல அவருக்கு வரவில்லை. படம் சொல்லட்டும் என்று நினைத்திருக்கிறார். முதல் தாள் வெளிறிப் போனது. அடுத்தது முகம் கறுத்தது. இன்னும் ஒன்று என்று போட்டார்.

வெளியே கார் வந்துவிட்டது. உமையாள் கைப்பையை மாட்டிக்கொண்டு கதவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“கதவைத் தட்டுத்தா” என்றார் ஆச்சி. “நெசமாவே வேலையாத்தான் இருக்காக போல. மருந்து வாடை வருது.”

“மருந்து வாடை என்னைக்கு வரல?” என்றாள் உமையாள். “இந்தக் கதவுக்கு முன்னால நின்னு எத்தனை பேருட்டப் பொய் சொல்லியிருக்கேன் ஆத்தா. அதை இப்ப எனக்கே சொல்லிக்கணுமா?”

தட்டவில்லை. பல்பைக் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறாள். பிறகு போய்க் காரில் ஏறிவிட்டாள்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டுத்தான் அவர் வெளியே ஓடி வந்தார். கையில் படம், தண்ணீர் சொட்டச் சொட்ட. பக்கத்து வீட்டுப் பையனுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, படத்தைக் காற்றில் பிடித்தபடி ஸ்டேஷனுக்குப் போனார். போய்ச் சேர்ந்தபோது படம் பாதி காய்ந்திருந்தது. ரயில் போயிருந்தது.

இவ்வளவுதான் ஆச்சிக்குத் தெரிந்தது. மீதியை அவர் எனக்குச் சொன்னார், கொஞ்ச நாள் கழித்து, அந்த அறைக்குள் நின்று.

“அவ வந்து நின்னது எனக்குத் தெரியும் தம்பி. செருப்புச் சத்தம் கேட்டுச்சு. பேசுனதுங்கூட அரைகொறையாக் கேட்டுச்சு.”

“உள்ளேயிருந்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே. கதவைத் தொறக்கணும்னு இல்லையே.”

அவர் காலித் தட்டின் ஓரத்தைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்.

“படம் வந்துக்கிட்டிருந்துச்சு” என்றார். “அப்பத்தான் அவ மொகம் வந்துச்சு. கண்ணு வந்துரட்டும், ஒரு கொரல் குடுப்போம்னு நெனச்சேன். கண்ணு வந்துச்சு. சத்தம் போயிருச்சு.”

ஆச்சி தொலைபேசியில் அவளிடம் சொல்லிப் பார்த்தார். அப்பச்சி அன்றைக்கு உன் படத்தைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு. “ஆமா ஆத்தா. பேப்பரு தண்ணியில கெடந்திருக்கும்.” தனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தையே திருப்பி ஒப்பித்தாள். அதன் பிறகு ஆச்சி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உமையாள் அம்மாவின் நம்பருக்குக் கூப்பிடுவாள். போன் அவர் கைக்கும் வரும். மழை உண்டா, மாத்திரை சாப்பிட்டீகளா, சரி அப்பச்சி, வைக்கட்டுமா.

ஒருநாள் அந்தப் படத்தை என்னிடம் கொண்டுவந்தார். நன்றாக வந்திருந்தது. குனிந்து பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருக்கும் உமையாள். யாரோ கூப்பிட்டது போல முகம் மட்டும் பாதி திரும்பியிருந்தது.

“இதுக்குப் பின்னால தேதி போடுங்க தம்பி. அவ கெளம்புன அந்தத் தேதி. நான் போட்டா நம்ப மாட்டா. நீங்க தெரிஞ்சாத்தான் போடுவீகன்னு அவளுக்குத் தெரியும். உங்க கையெழுத்தைப் பாத்தா நம்புவா.”

நான் பென்சிலை எடுத்தேன். எழுதவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“நீங்க அன்னைக்கு ஊருல இல்லைல்ல?”

“இல்லையே அண்ணே.”

“அப்ப வேணாம்.” படத்தை உடனே திரும்ப வாங்கிக்கொண்டார். “வேணாம், வேணாம். இதுவும் பொய்யாயிரக் கூடாது.”

அதற்குப் பிறகுதான் அவர் அந்தப் பல்பைக் கழற்றினார். கதவின் உள்தாழ்ப்பாளையும் ஆசாரியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். யார் கூப்பிட்டாலும் வெளியே வரத் தொடங்கினார். தாள் தட்டில் கிடக்கும், வாசலில் பால்காரர் குரல் கொடுப்பார், இவர் “இந்தா வந்துட்டேன்” என்று கதவைத் திறந்துவிடுவார். வளவின் வெயில் உள்ளே பாயும், தாள் கறுத்துப் போகும். ஓடு விஷயமாக வந்த அதே பங்காளிக்குக்கூட முதல் கூப்பாட்டிலேயே திறந்தார். “என்னண்ணே, இப்பல்லாம் கதவு தட்டுறதுக்கு முன்னாடியே வாரீக? உங்க பேப்பரு தண்ணியில கெடக்குறதில்லையா?” என்று அவர் கேட்டார். “கெடக்கு. கெடந்துட்டுப் போகுது” என்றார் இவர்.

எனக்கு வேண்டிய ஊருணிப் படங்கள் பல அப்படிக் கறுத்தன. ஆச்சியே ஒருநாள், “கொஞ்சம் பொறுத்துத்தான் தொறங்களேன், யாரு குடி முழுகிப்போகுது?” என்று அலுத்துக்கொண்டார். அவர் கேட்கவில்லை. கறுத்த தாள்களை எறியாமல் ஒரு மூலையில் அடுக்கி வைத்தார்.

ஐப்பசி கடைசியில் ஒரு வியாழக்கிழமை பிற்பகல், நான் விடுப்பு போட்டிருந்தேன். நேமத்தான்பட்டி ஊருணியின் படம் ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தோம். நான் உள்ளே அவர் பக்கத்தில் நின்றேன். அவருடைய செல்போன் வழக்கம்போல வெளியே, பெஞ்சின் மேல் இருந்தது. அதன் வெளிச்சமும் தாளுக்கு ஆகாது. டெவலப்பரில் தாள் விழுந்து, படியின் நிழல் தோன்றத் தொடங்கியிருந்தது. போன் அடித்தது. ஆச்சி ஓடி வந்து எடுத்துப் பார்த்துக் கத்தினார்:

“உமையா கூப்பிடுறா! உங்க நம்பருக்குக் கூப்பிடுறா!”

போனதிலிருந்து அவள் அவருடைய நம்பருக்குக் கூப்பிட்டதே இல்லை. நான் ஒதுங்கக்கூட இல்லை, அவர் என்னை இடித்துக்கொண்டு கதவைத் திறந்தார். கண் கூசியது. கையைத் துடைக்க வேட்டி நுனியைத் தேடி, துடைத்து, போனை வாங்கும்போது மணி நின்றுவிட்டது. திருப்பிக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு செய்தி வந்தது. கண்ணாடி இல்லாததால் என்னிடம் நீட்டினார். நான் படித்தேன்.

“தெரியாமக் கைபட்டுருச்சு அப்பச்சி. அப்புறம் பேசுறேன்.”

“கைபட்டிருக்கு” என்றார் ஆச்சியிடம்.

“கைபட்டாலும் உங்க நம்பர்லதான பட்டிருக்கு” என்றார் ஆச்சி.

கனடாவில் அப்போது விடிந்தும் விடியாத நேரம். அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அவர் திரும்பி உள்ளே போனார். தட்டில் கிடந்த தாள் முழுக்கக் கறுத்திருந்தது. எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். அதை ஒரு நல்ல படத்துக்குச் செய்வது போலவே படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போவில் போட்டு, தண்ணீரில் அலசி, கிளிப் மாட்டிக் காயப் போட்டார். நான் கிளம்பும்போது கொண்டுவந்து கொடுத்தார்.

“இதுக்குப் போடுங்க தம்பி தேதி. இன்னைக்கு நீங்க இங்கதான இருந்தீக?”

எழுதினேன். மாதம், தேதி, கிழமை. இடம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அவரைப் பார்த்தேன். “அது எதுக்கு, விடுங்க” என்றார். தாளை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. “உங்ககிட்டயே இருக்கட்டும். அவ வந்தாக் குடுங்க.”

நீங்களே கொடுக்கலாமே என்று சொன்னேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் வருவதற்குள், அடுத்த மாசியில், கடையில் உட்கார்ந்திருந்தபடியே போய்விட்டார். அந்த நேரத்தில் வாசலில் யாரோ வாடிக்கையாளர் கூப்பிட்டாராம். “இந்தா” என்று எழப் போயிருக்கிறார்.

உமையாள் வந்தாள். காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு, ஊருணிப் படங்களை வந்து எடுத்துக்கொள்ளும்படி ஆச்சி சொல்லி அனுப்பினார். கறுத்த தாளை ஒரு பழுப்பு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அறைக் கதவு திறந்து கிடந்தது. அவள் உள்ளே, படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜருக்குப் பக்கத்தில், கையில் தன்னுடைய படத்தோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினாள்.

“இதுக்கு மட்டும் நீங்க தேதி போடலையா சார்?”

“அன்னைக்கு நான் ஊருல இல்லம்மா. போடச் சொன்னாக. அப்புறம் அவுகளே வேணாம்னுட்டாக.”

“அப்பச்சியா வேணாம்னாக?”

“ஆமா. பொய்யாயிரக் கூடாதுன்னாக.”

அவள் அதை மேசையில் வைத்தாள். நான் உறையைக் கொடுத்தேன். மற்றவர்களாக இருந்தால், இது என்ன வெறும் கறுப்பு என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு வளர்ந்தவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். சாய்த்தால் ஒரு படியின் விளிம்பு மங்கலாகத் தெரியும்.

“யாரு தொறந்தது?”

“அவுகதான்.”

“பேப்பரு தண்ணியில கெடக்கும்போதா?” அவள் குரல் மாறியிருந்தது. “அப்பிடி யாரு கூப்பிட்டா?”

அவள் தாளைத் திருப்பினாள். என் எழுத்தில் இருந்த தேதியைப் படித்தாள். உதடுகள் அசையாமல், மறுபடியும் ஒருமுறை படித்தாள்.

வளவில் ஆச்சி யாரிடமோ பாத்திரங்களை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. உமையாள் நிமிர்ந்து, கதவுக்கு மேலே பல்பு இருந்த இடத்தில் துருத்திக்கொண்டிருந்த இரண்டு வயர்களைப் பார்த்தாள்.

“அன்னைக்கு அது கைபட்டு அடிச்சதில்ல” என்றாள். என்னிடம் சொல்லவில்லை.